தெரிந்தெடுத்தல்: ஒரு கணிப்பொறி ஆட்டமும் ஒரு கடற்கரையும்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய அமைப்பின் விழாவில் கால்பந்தாட்டத்தைப் பற்றி, அதுவும் கணிப்பொறியில் ஆடப்படும் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும் இலக்கிய வட்டம் ஒன்று ஆண்டுக்கணக்கில் செய்துவரும் முதன்மையான பணி யாது? பெயர் தெரியாத ஓர் இளைஞரின் கைப்பிரதியைப் படித்து, இவரிடம் ஏதோ இருக்கிறது என்று மற்றவர்க்கு முன்னதாகச் சொல்லுதல். அந்தப் பணியையே விளையாட்டாக்கி, பல நாடுகளிலும் இளைஞர்களை விடிய விடிய விழித்திருக்கச் செய்த ஆட்டம் ஒன்று உண்டு. திறமையைக் கண்டறிதல் குறித்து அது கற்பிப்பவையும், கற்பிக்காமல் விடுபவையும், குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையை உடன்வைத்து நோக்கும்போது தெளிவாகின்றன. ஆகவே இவ்விரண்டையும் இணைத்துக் காண்பது இவ்வுரையின் நோக்கமாகும்.

அவ்வாட்டத்தின் பெயர் சாம்பியன்ஷிப் மேனேஜர். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையர் பகுதியைச் சேர்ந்த பால் காலியர், ஆலிவர் காலியர் என்னும் உடன்பிறந்தோர் இருவர் தம் வீட்டிலிருந்தே உருவாக்கிய இவ்வாட்டம் 1992இல் விற்பனைக்கு வந்தது. 1994இல் அவர்கள் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். 2001இல் வெளிவந்த 01/02 பதிப்பே ஆர்வலர்களால் இன்றளவும் போற்றப்படுவது. அவர்கள் புதிய ஆட்டக்காரர்களின் விவரங்களைத் தாமே சேர்த்து அதனை இன்றும் ஆடிவருகின்றனர். 2003இல் வெளியீட்டு நிறுவனமாகிய ஈடாஸை விட்டுக் காலியர் சகோதரர்களின் நிறுவனம் பிரிந்தது. பழைய பெயர் ஈடாஸிடமே தங்கிவிட, அவர்களின் ஆட்டம் 2004 முதல் ஃபுட்பால் மேனேஜர் என்னும் பெயரில் தொடர்ந்தது.

இவ்வாட்டத்தில் ஆடுவோர் பந்தை உதைப்பதில்லை. ஓர் அணியின் மேலாளராக அமர்கிறார்கள். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரைக் களத்தில் இறக்குவது என்பவற்றை முடிவு செய்கிறார்கள். இவ்வவையினர்க்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி ஒன்றுண்டு. 01/02 பதிப்பில் ஆட்டம் நடைபெறும்போது திரையில் ஓடும் மனிதர்கள் இல்லை, பந்தும் இல்லை. என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் சிறுசிறு வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும். எஞ்சியதை ஆடுவோரின் கற்பனை நிரப்பிக்கொள்ளும். எழுத்தாலும் எண்ணாலும் மட்டுமே கட்டப்பட்ட உலகம் அது.

அவ்வுலகில் ஒவ்வோர் ஆட்டக்காரர்க்கும் வேகம், பந்தைக் கடத்தும் திறம், கோலடிக்கும் திறம், துணிவு எனப் பல பண்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். இவற்றுள் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிவன. இவற்றுக்கெல்லாம் அடியில், ஆடுவோர் காணமுடியாத இரண்டு எண்கள் 200 என்னும் உச்ச அளவுக்குள் அமைந்திருக்கும். ஒன்று அவருடைய இன்றைய ஆற்றல். மற்றொன்று அவர் என்றேனும் எட்டக்கூடிய ஆற்றல். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனின் இன்றைய எண் சிறிதாகவும் நாளைய எண் பெரிதாகவும் இருக்குமாயின், அவனைப் பிறர் அறியுமுன் அறிந்து குறைந்த விலைக்கு வாங்குவதே இவ்வாட்டத்தின் தலையாய இன்பம்.

மலிவாகக் கிடைக்கும் இளைஞரைத் தேடுவதற்கு ஆடுவோர் சில வழிகளைக் கண்டனர். முதல் வழி, ஒப்பந்தம் முடியும் நிலையில் உள்ளவரை நாடுதல். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷான்-மார்க் போஸ்மன் என்னும் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரர் ஒருவர் தம் ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஒன்றியத்தின் மற்றொரு நாட்டுச் சங்கத்துக்குப் போகப் பழைய சங்கத்துக்குப் பணம் தரவேண்டியதில்லை என்பது அதன் சாரம். உலகில் நிகழ்ந்த அம்மாற்றம் கணிப்பொறி ஆட்டத்துள்ளும் புகுந்தது. இரண்டாம் வழி, பெரும்புகழ் பெறாத நாடுகளின் தொடர்களில் தேடுதல். மூன்றாம் வழி, பெரிய சங்கங்களின் இரண்டாம் அணியில் வாய்ப்பின்றிக் காத்திருப்போரைக் கேட்டல்.

இவ்வழிகள் பலிப்பதற்குக் காரணம் எளியது. ஆட்டத்தில் ஒருவரின் விலையை அவருடைய புகழும் அவர் சார்ந்த சங்கத்தின் புகழும் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆற்றல் ஒன்றாயினும், இலண்டனில் ஆடுபவர்க்கு ஒரு விலை. மின்ஸ்க் நகரில் ஆடுபவர்க்கு மற்றொரு விலை. அங்ஙனமாயின் மலிவு என்பது எதனை அளக்கிறது? அவரை எத்தனை பேர் கவனித்தனர் என்பதை அளக்கிறதேயன்றி, அவர் எத்தகையவர் என்பதை அளக்கவில்லை. இவ்வுரையின் மையக் கருத்து இதுவே.

இனி, அந்த மறைவான எண்களை எழுதியவர் யார் என்னும் வினா எழுகிறது. கணிப்பொறி தானாக அறிந்த உண்மை எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் ஆட்டங்களை நேரிற் சென்று காணும் ஆர்வலர்கள் தத்தம் கணிப்பை எழுதியனுப்பினர்; அவற்றின் தொகுப்பே அத்தரவு. அது எத்துணை மதிக்கப்பட்டது என்பதற்குச் சான்று, 2008இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் சங்கம் ஆட்டக்காரர்களைத் தேடும் பணிக்கு ஃபுட்பால் மேனேஜரின் தரவுகளைப் பயன்படுத்த உடன்பாடு செய்துகொண்டதாகும். விளையாட்டாகத் தொடங்கிய பட்டியல் உண்மையான சங்கத்தின் மேசைக்கு வந்துவிட்டது.

ஆயினும் மனிதர் எழுதியதாகையால் மனிதப் பிழையும் அதில் உண்டு. 01/02 பதிப்பின் தொடக்க வடிவத்தில் டோ மடேரா என்னும் போர்த்துகீசிய இளைஞர் ஒருவர் இருந்தார். கோவியா என்னும் சிறிய சங்கத்தைச் சேர்ந்த அவரை வாங்கியோர் கோல்மழை கண்டனர். பின்னர்த் தெரியவந்தது, அப்படி ஒருவர் உலகில் இல்லை என்பது. தரவு திரட்டியவர்களுள் ஒருவர் இல்லாத ஆட்டக்காரர் ஒருவரைப் படைத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டிருந்தார். அடுத்து வந்த திருத்தத்தில் அப்பெயர் நீக்கப்பட்டது. நேரிற் சென்று பார்ப்பவர் ஒரே ஒருவராக இருக்கும் இடத்தில், அவர் எழுதுவதே உண்மையாகிவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. இல்லாத ஒருவரைச் சேர்க்க முடியுமானால், இருக்கும் ஒருவரை விட்டுவிடுதலும் அதைப் போன்றே எளிது.

இருந்தும் இடறியவர்களின் கதை இன்னும் கனமானது. பெலாரஸ் நாட்டின் மாக்சிம் சிகால்கோ, 01/02 பதிப்பை ஆடியோர் மறக்கமுடியாத பெயர். தினமோ மின்ஸ்க் அணியிலிருந்து சிறு தொகைக்குக் கிடைத்த அவர், திரையில் ஒவ்வொரு பருவத்திலும் கோல்களைக் குவித்தார். உண்மை வாழ்வில் அவர் நாட்டுக்காக ஆடியவை 2 ஆட்டங்கள். அடித்தது 1 கோல். காயங்கள் அவரை விடவில்லை. 26ஆம் வயதில் ஆட்டத்தைத் துறந்தார். 2020 டிசம்பர் 25 அன்று, 37ஆம் வயதில் காலமானார். அவரை ஒருமுறையும் நேரிற் காணாத பலர் பல நாடுகளில் அன்று வருந்தினர். அவர்கள் வருந்தியது எந்தச் சிகால்கோவுக்காக என்று பிரித்துச் சொல்லுதல் அரிது.

காம்பியாவில் 1985இல் பிறந்து இலண்டனில் வளர்ந்த செர்னோ சாம்பாவின் நிலை வேறு. மில்வால் சங்கத்தின் இளைஞர் அணியில் இருந்தபோதே அவரை லிவர்பூல் கேட்டது, பேரம் படியவில்லை. கணிப்பொறியில் அவர் உலகின் தலைசிறந்த கோலடிப்பாளராக வளர்ந்தார்; மெய்யான மில்வாலின் முதல் அணிக்கோ அவர் ஒருமுறைகூட ஆடவில்லை. ஸ்பெயின், பின்லாந்து, கிரீஸ், நார்வே என நாடு நாடாகச் சென்று ஆடினார், காம்பியாவுக்காகவும் களமிறங்கினார். பேரம் முறிந்தது தம்மை எவ்வளவு ஆழமான மனச்சோர்வில் தள்ளியது என்பதை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். 2018இல் தம் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். பதினைந்து வயதில் பிறர் சூட்டிய ஓர் எண்ணைச் சுமந்து வாழ்வது எளிதன்று.

ஆட்டத்தை வடித்தவர்களும் இந்த இடர்ப்பாட்டை உணர்ந்திருந்தனர் எனலாம். சில இளைஞர்களுக்கு நிலையான எண் ஒன்றைத் தராமல் ஒரு குறியீட்டை மட்டும் இட்டுவைத்தனர். புதிய ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கணிப்பொறி ஒரு வரம்புக்குள் ஓர் எண்ணைத் தானே தெரிந்துகொள்ளும். ஒருமுறை பெரும் புகழ் எய்தியவர் மறுமுறை நடுத்தரமாக நின்றுவிடுவார். திருக்குறளில் ஊழ் 38ஆம் அதிகாரமாகவும் ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரமாகவும் அமைந்திருப்பதை அறிந்த தமிழர்க்கு இதில் புதுமை இராது. விதி உண்டு என்று கொண்டாலும் அதனை முன்கூட்டிப் படிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதே அக்குறியீட்டின் பொருள்.

இனிக் குமரி மாவட்டத்துக்கு வருதல் வேண்டும். குழித்துறைத் தாமிரபரணி கடலொடு கலக்கும் முகத்துவாரத்துக்கு மேற்கே, இரையுமன்துறை தொடங்கி, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என மீனவர் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பதில் பெயர்பெற்ற ஊர்கள் இவை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இவ்வூர்களிலிருந்து கொண்டுசென்ற உயிர்கள் பல. இங்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கன்று. ஊர்க்கு ஊர் சங்கமும், சங்கத்துக்குச் சங்கம் போட்டியும், போட்டிக்குத் திரளும் கூட்டமும் உள்ள வாழ்க்கைமுறை.

நீரோடியைத் தாண்டினால் கேரளம். எல்லைக்கு அப்பால் உள்ள பொழியூரும் மீனவர் ஊரே. சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்களை வரிசையாகத் தந்தமையால் அவ்வூர் சந்தோஷ் கோப்பை ஊர் என்றே வழங்கப்படுகிறது. மணல் ஒன்று, கடல் ஒன்று, தொழில் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட மாநில எல்லை மட்டுமே இடையில் உள்ளது. எல்லைக்கு அப்பால் பிறந்தவர்க்குத் தலைநகர் திருவனந்தபுரம். அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எல்லைக்கு இப்பால் பிறந்தவர்க்குத் தலைநகர் சென்னை. அது ஏறத்தாழ 700 கிலோமீட்டர். மாநில அணியைத் தெரிவு செய்வோரின் கண் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொலைவு அளக்கப்படுகிறது. தேர்வு நடைபெறும் நாளில் படகில் கடலில் இருப்பவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

இக்கடற்கரையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் 1994இல் பிறந்தவர். தேசிய அளவிலான ஐ-லீக் தொடரில் சென்னை சிட்டி அணிக்காக அவர் கால்பதித்தது 2017இல். அப்போது அவர்க்கு வயது 22. கணிப்பொறி ஆட்டத்தை ஆடுவோர் பதினாறு, பதினேழு வயதினரைத் தேடுவர். 22 வயதுவரை பெயரில்லாதவரைப் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போவர். அந்த அளவுகோலின்படி சூசைராஜ் காலம் கடந்தவர். ஆனால் அடுத்த ஆண்டே, 2018இல், இந்தியன் சூப்பர் லீக் தொடரின் ஜாம்ஷெட்பூர் அணி அவரை அழைத்துக்கொண்டது. 2019இல் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குச் சென்றார். 2019-20 பருவத்தில் அவ்வணி கோப்பையை வென்றது. ஆற்றல் 22ஆம் வயதில் திடீரென முளைத்ததாகக் கொள்ள இயலுமா? அதுகாறும் பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை என்பதே பொருந்தும் விளக்கம்.

அவருடைய கதையிலும் எண்ணுக்கு அடங்காத பகுதி உண்டு. 2020 நவம்பர் 20 அன்று புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, கேரள பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராக ஆடுகையில், தொடக்க நிமிடங்களில் முழங்காலில் காயமுற்று அப்பருவம் முழுவதையும் அவர் இழந்தார். சிகால்கோவுக்கு நேர்ந்தது போன்ற காயமே இவர்க்கும் நேர்ந்தது என்று சொல்வது மிகை. ஆயினும் உடல் என்பது இருவர்க்கும் ஒன்றுதான். காயத்துக்குப் பின்னும் அவர் களத்துக்குத் திரும்பினார்.

சென்னை சிட்டி அணியின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 2018-19 பருவத்தில், சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுநராக இருக்க, அவ்வணி ஐ-லீக் வாகையராயிற்று. கிழக்கு வங்க அணியைவிட ஒரே ஒரு புள்ளி மிகுதி. அவ்வெற்றி பெரும்பணத்தால் வந்ததன்று. ஸ்பெயினின் கீழ்நிலைத் தொடர்களில் அதிகம் அறியப்படாமல் ஆடிக்கொண்டிருந்த சிலரை அழைத்துவந்து, தமிழ்நாட்டு இளைஞர்களோடு சேர்த்து அமைத்த அணி அது. அவர்களுள் பெத்ரோ மன்சி என்பவர் அப்பருவத்தில் 21 கோல்களை அடித்தார். பிறர் நோக்காத இடத்தில் நோக்கியவர்க்குக் கிடைத்த பயன் என்க. எனினும் 2020-21 பருவத்துக்குப் பின் அச்சங்கம் அத்தொடரில் இடம்பெறவில்லை. குமரிக் கடற்கரையிலிருந்து தேசியக் களத்துக்கு ஏற உதவிய படி ஒன்று அத்துடன் அகன்றது. கண்டறிந்தவர் தாமே நிலைக்காவிடின், கண்டறியப்பட வேண்டியவர் மீண்டும் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி, மலிவு என்னும் சொல்லின் மறுபக்கத்தையும் நோக்குதல் தகும். ஓர் இளைஞர் மலிவாகக் கிடைத்தார் என்று வாங்கியவர் மகிழும்போது, அவரை வளர்த்தவர்க்குக் கிடைத்தது குறைவு என்பதும் அதே கணக்கில் அடங்கியுள்ளது. இவ்வநீதியை ஓரளவு களைய, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபா 2001இல் ஒரு விதி வகுத்தது. ஒப்பந்தம் முடியுமுன் ஒருவர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுச் சங்கத்துக்கு விலைக்குச் செல்லும்போது, அவ்விலையில் 5 விழுக்காடு, அவரை 12 வயது முதல் 23 வயதுவரை பயிற்றிய சங்கங்களுக்குப் பகிரப்படவேண்டும். நல்ல விதிதான். ஆனால் முறையாகப் பதிவுபெற்று, ஆட்டக்காரரின் பெயரையும் ஆண்டையும் ஆவணத்தில் குறித்துவைத்த சங்கமே பங்கு கேட்க இயலும். மாலைதோறும் மணலில் பந்தைத் தந்து, தோற்றவனைத் தட்டிக்கொடுத்து, மறுநாளும் வரச்சொன்ன பெரியவரின் பெயர் எந்த ஆவணத்திலும் இராது. கணிப்பொறியின் பட்டியலிலும் அவர்க்கென ஒரு வரி இல்லை.

இவையனைத்தும் இலக்கிய வட்டத்துக்கு என்ன சொல்கின்றன? நாஞ்சில் நாட்டின் பெருமகனாகிய தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் தேரூரில் பிறந்தார். ஆசிரியப் பணியில் நெடுங்காலம் கழித்தார். அவருடைய கவிதைகளின் அருமையை ஊரூராக எடுத்துச் சொன்னவர் இரசிகமணி டி.கே.சி. கவிமணி என்னும் பட்டம் அவரை வந்தடைந்தது 1940இல். அப்போது அவர்க்கு வயது 64. இளமையிலேயே கண்டுகொள்ளப்படாதவர் பின்னர் எதுவும் ஆகார் என்னும் எண்ணத்துக்கு அவர் வாழ்வே மறுப்பு. அதே வேளையில், எடுத்துச் சொல்ல ஒருவர் வாய்த்தமையால்தான் நாடு அவரை விரைந்து அறிந்தது என்பதும் மெய். பிற்காலத்தில் நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி தம் இல்லத்தில் கூட்டிய காகங்கள் என்னும் கூட்டமும், இளைஞர் வந்து படிக்கவும் கேட்கவும் இடம் தந்தது. பட்டம் வழங்கும் இடமாக அது இருக்கவில்லை. செவிசாய்க்கும் இடமாக இருந்தது.

வள்ளுவர் தெரிந்து தெளிதலை 51ஆம் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடலை 52ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். ஒருவரை ஆய்ந்தறிதல் ஒரு பணி; அறிந்தபின் அவர்க்கு உரிய வினையைத் தந்து உடன்நிற்றல் மற்றொரு பணி. கணிப்பொறி ஆட்டம் முதற்பணியின் இன்பத்தைத் தருகிறது. இரண்டாம் பணியை ஒரு பொத்தானில் முடித்துவிடுகிறது. வாங்கிய இளைஞர் சோபிக்காவிடின் விற்றுவிடலாம். பிடிக்காவிடின் ஆட்டத்தையே முதலிலிருந்து தொடங்கலாம். சாம்பாவுக்கும் சிகால்கோவுக்கும் அவ்வசதி இல்லை. முதற்கவிதையைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்க்கும் இல்லை.

எனவே இலக்கிய வட்டம் ஒன்று மேற்கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, செல்லாத இடத்துக்குச் செல்லுதல். நகரத்து மன்றத்துக்கு வந்து சேர்பவர்களை மட்டும் கவிஞர்களாகக் கருதாமல், நீரோடியிலும் ஆரல்வாய்மொழியிலும் பேச்சிப்பாறையிலும் எழுதிக்கொண்டிருப்பவரைத் தேடிப்போதல். இரண்டாவது, எண் சூட்டாமை. இருபது வயதினரை அடுத்த மகாகவி என்று அழைப்பது அவர்க்குச் செய்யும் உதவியன்று, அவர் தலைமேல் ஏற்றும் சுமை. மூன்றாவது, பட்டியலில் இடம்பெற்றபின்னும் விட்டுவிடாமை. முதல் தொகுப்பு வந்தபின் இரண்டாவது எழுதவியலாமல் தவிப்பவரின் அருகில் அமர்தல்.

ஆண்டு மலருக்கு வந்து குவியும் கைப்பிரதிகளுள் ஒதுக்கப்பட்டவை எப்போதும் ஏற்கப்பட்டவற்றினும் மிகுதி. அவற்றின் ஓரத்தில் எழுதப்படும் ஒரு வரிக் குறிப்பும், அஞ்சலட்டையில் அனுப்பப்படும் நான்கு சொற்களும் எழுதியவர்க்கு ஆண்டுக்கணக்கில் போதுமானவையாக இருக்கக்கூடும். தூத்தூரின் மணலில் இன்று மாலையும் பந்து உருளும். அதைப் பார்க்க ஒருவர் போகவேண்டும். ஒதுக்கப்பட்ட கட்டினை இன்னொருமுறை பிரித்துப் படிக்கும் பணியும் அத்தகையதே. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம் அப்பணியைத் தொடர்க.